சுழலும் கூண்டின் குலமரபு

மணிக்கூட்டின் முகப்பிலே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். வாங்குவோர் பெரும்பாலும் அப்பெயரைப் பார்த்தே விலை பேசுவர். ஆயினும், மணிக்கூட்டின் மெய்யான வரலாறு முகப்பிலே காணப்படுவதன்று. முகப்பையும் உறையையும் நீக்கினால் எஞ்சும் பொறித்தொகுதியை இயக்கப்பொறி என்பர். அதன் பித்தளைத் தட்டுகளிலும், எஃகு அச்சுகளிலும், பற்சக்கரங்களிலுமே அவ்வரலாறு மறைந்து கிடக்கிறது. முகப்பு விற்றவனைக் காட்டும்; இயக்கப்பொறி செய்தவனைக் காட்டும். இவ்விருவரும் ஒருவரேயாதல் மணிக்கூட்டுத் தொழிலிலே பலர் எண்ணுமளவுக்குப் பொதுவான வழக்கமன்று.

இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டவல்லது தூர்பியோன் எனப்படும் அரிய மணிக்கூட்டு வகையாகும். தூர்பியோன் என்பது பிரெஞ்சுச் சொல். சுழல்காற்று, நீர்ச்சுழி என்பன அதன் பொருள்கள். கோள்களைத் தாங்கிச் செல்வனவாகத் தாம் கருதிய பெருஞ்சுழல்களைக் குறிக்கத் தத்துவஞானி தெக்கார்த்தும் இச்சொல்லையே ஆண்டார். மணிக்கூட்டின் உயிர்நிலையான உறுப்புகளை ஒரு சிறு கூண்டினுள் அடக்கி, அக்கூண்டு முழுவதையும் இடைவிடாது சுழலச் செய்யும் அமைப்பே தூர்பியோன். பாரிசிலும், இலண்டனிலும், சுவிற்சலாந்தின் மலையூர்களிலும், யேர்மனியிலும் வெவ்வேறு காலங்களிலே இத்தகைய மணிக்கூடுகள் செய்யப்பட்டன. தனித்தனியே பார்க்கும்போது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் இவற்றை அருகருகே வைத்து ஒப்புநோக்கினால், ஒரே குடும்பத்தின் கிளைகள் இவை என்பது புலனாகும். அக்குடும்பத்தின் மூதாதை யார், கிளைகள் எவ்விடத்திற் பிரிந்தன, எவருடைய உழைப்பு எவருடைய பெயரால் வழங்கலாயிற்று என்பன ஆராயத்தக்கவை.

நோய் இன்னதென்று அறிந்தாலன்றி மருந்தின் அருமை விளங்காது. ஆகவே, தூர்பியோன் எக்குறையை நீக்க எழுந்தது என்பதை முதலிற் காண்போம்.

பழைய சட்டைப்பை மணிக்கூடு ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. அதனுள்ளே முறுக்கி வைக்கப்பட்ட சுருள்வில் ஒன்று உண்டு. அது விரிய முயலும்போது எழும் விசை, பற்சக்கரங்கள் சிலவற்றினூடாகச் சென்று, இறுதியிலே தடுப்புச் சக்கரம் ஒன்றை அடைகிறது. அச்சக்கரம் கட்டுப்பாடின்றி ஓடிவிட்டால், முறுக்கிய வில் ஒரு நொடியிலே தளர்ந்துவிடும். ஆதலால் அதனை ஒவ்வொரு பல்லாகத் தடுத்தும் விடுத்தும் நடத்துகின்ற பொறி ஒன்று வேண்டும். மணிக்கூட்டின் டிக், டிக் என்னும் ஓசை அப்பொறியிலிருந்து எழுவதே. அப்பொறிக்குத் தாளம் கொடுப்பது, மணிக்கூடு திருத்துவோர் பாலன்ஸ் சக்கரம் என்று அழைக்கும் சிறு சக்கரம். மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில்லோடு பிணைக்கப்பட்ட அச்சக்கரம் இடமும் வலமுமாக ஓயாது ஆடும். சுவர் மணிக்கூட்டுக்கு ஊசல் எத்தகையதோ, சட்டைப்பை மணிக்கூட்டுக்குப் பாலன்ஸ் சக்கரம் அத்தகையது. பழைய மணிக்கூடுகளிலே இது பெரும்பாலும் மணித்தியாலத்துக்கு 18,000 முறை, அதாவது செக்கனுக்கு ஐந்து முறை அடிக்கும்.

ஒரு நாளிலே 86,400 செக்கன்கள் உள்ளன. ஒரு மணிக்கூடு நாளொன்றுக்கு 10 செக்கன் பிந்துமாயின் அதன் பிழை 8,640இல் ஒரு பங்கே. இத்துணை நுண்ணிய அளவிலே நேரத்தைப் பேணும் பொறியை மிகச் சிறிய காரணமும் கெடுத்துவிடும். அக்காரணங்களுள் ஒன்று பூமியின் ஈர்ப்பு.

பாலன்ஸ் சக்கரத்தின் பாரம் அதன் அச்சைச் சுற்றி எத்திசையிலும் சமமாக இருத்தல் வேண்டும். ஆனால் மனிதன் கையாற் செய்யும் சக்கரத்திலே முற்றான சமன்பாடு அமைவதில்லை. ஒரு புறம் அணுவளவேனும் பாரம் மிகுந்துவிடும். மயிரிழைச் சுருள்வில்லும் விரிந்து சுருங்கும்போது ஒரு பக்கம் சாய்வதுண்டு. மணிக்கூடு மேசைமீது படுத்திருக்கும்போது இக்குறை தெரிவதில்லை. அது நிமிர்ந்து நிற்கும்போதோ, மிகுந்த பாரம் அச்சுக்குக் கீழே இருப்பின் ஒருவகைப் பிழையும், மேலே இருப்பின் அதற்கு எதிரான பிழையும் விளைகின்றன. அக்காலக் கனவான்கள் மணிக்கூட்டை மேலங்கியின் சிறு பையிலே வைத்திருந்தனர். பகல் முழுவதும் அது ஒரே நிலையில் நிமிர்ந்து நிற்கும். எனவே அந்நிலைக்குரிய பிழை மணிதோறும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தது.

இப்பிழையை ஒழிக்க முயன்றவர் பலர். அதனை ஒழிக்க முடியாதென ஒப்புக்கொண்டு, அதனாலேயே அதனை வெல்ல வழி கண்டவர் ஆபிரகாம் லூயி பிரெகே.

பிரெகே 1747ஆம் ஆண்டு நெஷாத்தெல் நகரிலே பிறந்தவர். இளமையிலே பிரான்சுக்குச் சென்று, பாரிசு நகரிலே தொழில் நிலையம் அமைத்துப் பெரும்புகழ் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமை மிகுந்திருந்த 1793இலே பாரிசை விட்டு நீங்கிச் சுவிற்சலாந்திலே தங்கி, 1795இலே மீண்டும் பாரிசுக்கு வந்தார். இக்காலத்தை அடுத்து அவர் உள்ளத்தில் உருவான எண்ணங்களுள் ஒன்று தூர்பியோன். 1801ஆம் ஆண்டு யூன் மாதம் 26ஆம் நாள், புரட்சிக் காலத்து நாட்காட்டியின்படி ஒன்பதாம் ஆண்டு மெசிடோர் மாதம் 7ஆம் நாள், அவருக்கு இதற்கான ஆக்கவுரிமை பத்து ஆண்டுக் காலத்துக்கு வழங்கப்பட்டது.

அவருடைய எண்ணம் எளியது. பாலன்ஸ் சக்கரத்தின் பாரம் ஒரு பக்கம் மிகுந்தேயிருக்கட்டும். அச்சக்கரத்தையும், சுருள்வில்லையும், தடுத்து விடும் பொறியையும் ஒரே கூண்டில் ஏற்றி, கூண்டை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை சுழற்றினால், மிகுந்த பாரம் ஒரு கணம் கீழே இருக்கும். சிறிது நேரத்தில் பக்கவாட்டில் வரும். பின்னர் மேலே செல்லும். கீழே இருந்தபோது மணிக்கூடு முந்திய அளவு, மேலே இருந்தபோது பிந்திய அளவினால் ஈடுசெய்யப்படும். வரவும் செலவும் நேராகிக் கணக்கு முடிவதுபோலப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. படுத்த நிலையிலே இச்சுழற்சியாற் பயனில்லை. நிமிர்ந்த நிலைகளுக்கே இது மருந்து.

எண்ணம் எளிதெனினும் செயல் அரிது. நிலையாக நிற்கும் ஒரு பொறிக்கு விசை கொடுப்பது எளிது. தானே சுழன்றுகொண்டிருக்கும் பொறிக்கு விசை கொடுப்பதெப்படி? பிரெகே கண்ட விடையே இக்குடும்பம் முழுவதன் பிறப்புக் குறியாகும். வழக்கமான மணிக்கூட்டிலே நான்காவது சக்கரம் எனப்படுவது சுழன்று, தடுப்புச் சக்கரத்தை இயக்கும். பிரெகே அந்த நான்காவது சக்கரத்தைத் தட்டோடு அசையாமற் பிணைத்துவிட்டார். மூன்றாவது சக்கரம் கூண்டையே சுழற்றுமாறு அமைத்தார். கூண்டு சுழலும்போது, அதிலுள்ள தடுப்புச் சக்கரத்தின் சிறு பற்கள், அசையாத நான்காவது சக்கரத்தின் பற்களைப் பற்றிக்கொண்டு அதைச் சுற்றி உருண்டு வருகின்றன. அவ்வுருளலே தடுப்புச் சக்கரத்தைத் திருப்புகிறது. செக்குக் கல்லைச் சுற்றி வரும் எருது, தான் நடப்பதனாலேயே உலக்கையைச் சுழற்றுவதுபோலக் கூண்டின் நடையே பொறியின் இயக்கமாகிறது. கூண்டைத் தடுத்தால் மணிக்கூடே நின்றுவிடும்.

பிரெகே செய்த தூர்பியோன்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சிலவற்றிலே கூண்டு ஒரு நிமிடத்துக்கு ஒரு முறையும், வேறு சிலவற்றிலே நான்கு அல்லது ஆறு நிமிடங்களுக்கு ஒரு முறையும் சுழன்றது. தடுத்து விடும் பொறியிலும் அவர் பல வகைகளைச் சோதித்தார். அவர் 1823இலே இறக்கும்வரை விற்பனையான தூர்பியோன்கள் 40ஐத் தாண்டவில்லை. இதனைச் செய்வது எத்துணை அரிதாயிருந்தது என்பதற்கு இத்தொகையே சான்றாகும்.

இங்கே குலமரபின் முதல் வியப்பு எதிர்ப்படுகிறது. தூர்பியோன் குடும்பத்தின் மூத்த பிள்ளை பிறந்தது பிரெகேயின் கையிலெனினும், அது குடியேறிய வீடு மற்றொருவருடையது. இலண்டனிலே ஜோன் ஆர்னோல்ட் என்னும் பெருந்தொழிலறிஞர் வாழ்ந்தார். கடலிற் செல்லும் கப்பல்கள் தாம் இருக்கும் நெடுங்கோட்டை அறிவதற்கு நேரந்தவறாத மணிக்கூடுகள் வேண்டியிருந்தன. அத்தகைய மணிக்கூடுகளைச் செய்வதிலே ஆர்னோல்ட் முதல் வரிசையில் நின்றவர். பிரெகேயும் அவரும் நண்பர்கள். பிரெகேயின் மகன் இலண்டனிலே ஆர்னோல்டிடமும், ஆர்னோல்டின் மகன் பாரிசிலே பிரெகேயிடமும் தொழில் பயின்றனர். ஒருவருடைய மைந்தனுக்கு மற்றவர் குருவானார்.

ஆர்னோல்ட் 1799இலே காலமானார். 1808ஆம் ஆண்டு பிரெகே, ஆர்னோல்டின் 11ஆம் இலக்க இயக்கப்பொறியிலே தமது முதற் தூர்பியோனைப் பொருத்தி, அதனை ஆர்னோல்டின் மகனுக்கு அன்பளிப்பாக வழங்கினார். தமது முதற் தூர்பியோன் ஆர்னோல்டின் ஆரம்பகால ஆக்கங்களுள் ஒன்றோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும், ஆர்னோல்டின் நினைவுக்குத் தாம் செலுத்தும் வணக்கம் இது என்பதையும் பிரெகே அதிலேயே பொறித்து வைத்தார். அக்காலத்திலே பிரான்சும் பிரித்தானியாவும் கடும் போரில் ஈடுபட்டிருந்தன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பகை நாட்டான் ஒருவனுக்குத் தான் பட்ட கடனைப் பித்தளையிலே எழுதிக்கொடுத்த அப்பொறி இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிலே இருக்கிறது. தூர்பியோனின் வரலாறு இவ்வாறு இரு பெயர்களோடு தொடங்குகிறது.

பிரெகேயின் ஆக்கவுரிமை முடிந்தபின் எவரும் தூர்பியோன் செய்யலாம் என்னும் நிலை உண்டாயிற்று. ஆயினும் அதற்குரிய கைத்திறன் மிகச் சிலரிடமே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இத்தொழிலுக்கு மீண்டும் உயிரூட்டியது ஒரு பரீட்சை.

இலண்டனுக்கு அண்மையிலுள்ள கியூ வானோக்கு நிலையத்திலே 1884ஆம் ஆண்டு முதல் மணிக்கூடுகள் சோதிக்கப்பட்டு, தராதரப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. உயர்ந்த பிரிவுக்குரிய சோதனை 45 நாள் நடந்தது. மணிக்கூடு ஐந்து நிலைகளிலும், மூன்று வெப்பநிலைகளிலும் வைத்துப் பார்க்கப்பட்டது. மொத்தம் 100 புள்ளிகள்: நாளுக்கு நாள் வேறுபாடின்மைக்கு 40, நிலை மாறும்போது வேறுபாடின்மைக்கு 40, வெப்பநிலை மாற்றத்தைத் தாங்குவதற்கு 20. நிலைமாற்றத்துக்கு 40 புள்ளிகள் என்னும் விதியை நேயர்கள் கவனித்தல் வேண்டும். தூர்பியோன் தீர்க்க முனைந்த குறையும் அதுவே. கியூவிலே முதன்மை பெற்ற மணிக்கூடு வணிகருக்கு நல்ல விளம்பரமாக அமைந்தது. ஆகவே இலண்டனின் பெரிய நிறுவனங்கள் தூர்பியோனை நாடின.

இங்கே இரண்டாவது வியப்பு எதிர்ப்படுகிறது. சார்ள்ஸ் புரொட்சம், டென்ற், சிமித் என்னும் பெயர்கள் முகப்பில் விளங்கும் ஆங்கிலத் தூர்பியோன்கள் பல இன்றும் சேகரிப்பாளரிடம் உள்ளன. இவை ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்கள். ஆனால் அவற்றின் இயக்கப்பொறிகளைத் திறந்து அருகருகே வைத்தவர்கள், உடன்பிறந்தாரைக் கண்டதுபோல் அவை ஒத்திருக்கக் கண்டனர். காரணம், அவற்றுட் பல ஒரே தொழிலகத்திலிருந்து வந்தவை. இலண்டன் சோகோ சதுக்கத்திலிருந்த நிக்கோல், நீல்சன் என்னும் தொழிலகமே அது.

அத்தொழிலகத்தை நிறுவிய அடோல்ப் நிக்கோல், சுவிற்சலாந்தின் ஜூ பள்ளத்தாக்கிலிருந்து இலண்டனுக்கு வந்து குடியேறியவர். சாவியின்றி முறுக்கும் வகைக்கும், விரும்பியபோது ஊசியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் இதயவடிவத் தகட்டுக்கும் 1844ஆம் ஆண்டிலே ஆக்கவுரிமை பெற்றவர். ஓட்டப் போட்டிகளில் நேரமளக்கும் பொறிகளெல்லாம் அச்சிறு தகட்டுக்குக் கடமைப்பட்டவை. பின்னர் அவரோடு சேர்ந்த எமில் நீல்சன் டென்மார்க்கு நாட்டவர். இங்ஙனம், ஆங்கிலப் பெருமையின் சின்னமாக விற்கப்பட்ட மணிக்கூட்டின் உள்ளே, பாரிசிற் பிறந்த எண்ணமும், சுவிற்சலாந்தில் வளர்ந்த கைத்திறனும், டென்மார்க்கு நாட்டவரின் மேற்பார்வையும் ஒன்றுசேர்ந்திருந்தன. முகப்பிலோ இலண்டன் வணிகரின் பெயர் மட்டுமே இருந்தது.

இவ்விடத்திலே ஒரு வினா எழலாம். இரண்டு இயக்கப்பொறிகள் ஒத்திருக்கின்றன என்பதனால் மட்டும் அவை ஓரிடத்திற் பிறந்தவை எனக் கூற முடியுமா? ஒற்றுமை வேறு, உறவு வேறு. தொழிலின் தேவையால் வரும் ஒற்றுமை ஒன்றுண்டு. எல்லாத் தூர்பியோன்களிலும் அசையாத சக்கரமும், சுழலும் கூண்டும் இருக்கும். அவை இன்றித் தூர்பியோன் இல்லை. இவ்வொற்றுமை, எண்ணத்தின் மூலம் ஒன்று என்பதைக் காட்டுமேயன்றிச் செய்த கை ஒன்று என்பதைக் காட்டாது. மற்றொன்று வழக்கத்தால் வரும் ஒற்றுமை. கூண்டின் கைகள் எவ்வளைவில் வளைந்திருக்கின்றன, தட்டின் விளிம்பு எவ்வாறு சரிக்கப்பட்டிருக்கிறது, திருகாணிகள் எவ்விடத்தில் அமைந்துள்ளன என்பவை வேறு விதமாகவும் இருக்கலாம். இருந்தாலும் மணிக்கூடு ஓடும். வேறு விதமாக இருக்கக்கூடியவை ஒரே விதமாக இருக்குமாயின், அங்கே ஒரே பட்டறையின் பழக்கத்தை ஐயுறலாம். கையெழுத்தைக் கொண்டு எழுதியவனை அறிவதும் இம்முறையாலேயே. எழுத்தின் வடிவம் அனைவருக்கும் பொது. சுழியும் சாய்வும் அவரவர்க்கே உரியவை.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் சுவிற்சலாந்திலே உண்டு. லா சோ த பொன் என்னும் ஊரிலே கொன்ஸ்தான் ஜிரார் என்பவர் மூன்று பொற்பாலங்களையுடைய தூர்பியோனை உருவாக்கினார். சக்கரங்களின் அச்சைத் தாங்கும் பட்டைகளை மணிக்கூட்டுத் தொழிலாளர் பாலம் என்பர். பிறர் மறைத்து வைத்த அப்பாலங்களை ஜிரார் அம்பு வடிவிலே பொன்னாற் செய்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இணையாக நிறுத்தி, காண்போர் கண்ணைக் கவரச் செய்தார். இவ்வடிவுக்கு 1884ஆம் ஆண்டு அமெரிக்காவிலே உரிமை பெறப்பட்டது. 1889இல் நடந்த பாரிசு உலகக் கண்காட்சியிலே 'எஸ்மெரால்டா' என்னும் மணிக்கூடு இவ்வகையிலே பொற்பதக்கம் பெற்றது. தோற்றத்தை நோக்கினால் இதற்கும் பிரெகேயின் பொறிக்கும் உறவே இல்லை என்பர். ஆனால் விசை செல்லும் வழியைப் பின்தொடர்ந்தால், மூன்றாவது சக்கரம் கூண்டைச் சுழற்றுவதும், கூண்டு அசையாத சக்கரத்தைச் சுற்றி உருள்வதும் முன்போலவே இருக்கும். உடை புதிது, உடல் பழையது.

பக்கத்து ஊராகிய லெ லோக்கிலே அல்பேர் பெலத்தோன் பாவ்ர் என்னும் தொழிலாளர் வாழ்ந்தார். தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைத் தூர்பியோன் செய்வதிலேயே கழித்தவர் அவர். அவருடைய ஆக்கங்களும் வேறு நிறுவனங்களின் பெயரோடு வெளிவந்தன. இலண்டனிற் கண்ட வழக்கம் சுவிற்சலாந்திலும் நிலவியது என்பதற்கு இது சான்று.

இனி, குடும்பத்தைச் சேர்ந்ததா, அயல்வீட்டதா என்று ஆராய்வோரைத் திகைக்கச் செய்யும் ஒரு பொறியைக் காண்போம். டென்மார்க்கு மரபினரான பானே பொனிக்சன் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே தொழில் செய்தவர். அவர் 1892ஆம் ஆண்டு கரூசல் என்னும் அமைப்புக்கு ஆக்கவுரிமை பெற்றார். இதிலும் கூண்டு உண்டு, அதுவும் சுழலும். ஆனால் சுழலும் வேகம் மிகக் குறைவு. பிரெகேயின் ஒரு நிமிடக் கூண்டு நாளொன்றுக்கு 1,440 முறை சுழலும். பொனிக்சனின் கூண்டோ ஒரு சுற்றுக்கு 52½ நிமிடம் எடுத்துக்கொண்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 சுற்றுகள் மட்டுமே.

வேகத்தை மட்டும் கொண்டு தூர்பியோனையும் கரூசலையும் பிரித்தறியப் பலர் முயல்வர். அது சரியான அளவுகோலன்று. மெதுவாகச் சுழலும் தூர்பியோனும் செய்யப்படலாம். உண்மையான வேற்றுமை விசைவழியில் இருக்கிறது. தூர்பியோனிலே விசைவழி ஒன்று. கூண்டைச் சுழற்றும் விசையே தடுத்து விடும் பொறியையும் நடத்துகிறது. கரூசலிலே விசைவழி இரண்டு. கூண்டின் நடுவே புகுந்து செல்லும் அச்சு ஒன்று தடுத்து விடும் பொறிக்கு நேராக விசை கொடுக்கிறது. மற்றொரு வழியாற் கூண்டு தனியே சுழற்றப்படுகிறது. கூண்டைச் சுழற்றும் பற்களை நீக்கிவிட்டாலும் கரூசலிலே தடுத்து விடும் பொறிக்கு விசை சென்றுகொண்டேயிருக்கும். தூர்பியோனிலே அவ்வாறு நிகழாது.

ஆகவே கரூசல், பிரெகேயின் கேள்விக்கு வேறொருவர் கண்ட வேறு விடை எனலாம். இரத்த உறவன்று; ஒரே நோக்கத்தால் வந்த உறவு. பாரந்தூக்கிப் பழகாத பாதையால் விசையை நடத்தியமையின், இதனைச் செய்வது தூர்பியோனைச் செய்வதிலும் எளிதாயிற்று, விலையும் குறைந்தது. கியூ பரீட்சைப் பட்டியல்களின் முன்னிடங்களிலே கரூசல் மணிக்கூடுகள் பல இடம்பெற்றன. சாதாரணச் செல்வருக்கும் எட்டிய சுழலும் கூண்டு இதுவே.

கடைசிக் கிளை யேர்மனியிலே தோன்றியது. கிளாஸ்ஹூட்டே என்னும் சிற்றூரில் 1878இலே நிறுவப்பட்ட மணிக்கூட்டுத் தொழிற்பள்ளியிலே அல்பிரட் ஹெல்விக் ஆசிரியராக இருந்தார். பிரெகேயின் கூண்டு கீழே தட்டினாலும், மேலே பாலத்தினாலும் இரு முனையிலும் தாங்கப்பட்டது. அந்த மேற்பாலம் கூண்டின் அழகை மறைத்தது. பொறியின் தடிப்பையும் கூட்டியது. ஹெல்விக் 1920ஆம் ஆண்டு, கீழ்ப்புறத்தில் மட்டும் தாங்கப்பட்டு நிற்கும் கூண்டை உருவாக்கினார். மேலிருந்து பார்ப்போருக்கு அது பிடிப்பின்றி அந்தரத்திற் சுழல்வது போலத் தோன்றியமையாற் 'பறக்கும் தூர்பியோன்' எனப் பெயர் பெற்றது. தாங்கும் முறை மாறியதேயன்றி, அசையாத சக்கரத்தைச் சுற்றி உருளும் பழைய முறை மாறவில்லை. எனவே ஹெல்விக்கின் பொறி பிரெகேயின் நேர்வழித் தோன்றல். அவர் ஆசிரியராக இருந்தமையால், தமது முறையை மாணவருக்குக் கற்பித்து, அவர்தம் கைகளாலேயே செய்வித்தார்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பழைய இயக்கப்பொறி ஒன்றின் குலத்தை அறிய விரும்புவோன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று எனலாம். கூண்டுக்கும் தடுத்து விடும் பொறிக்கும் விசை ஒரே வழியாற் செல்கிறதா, இரு வழியாற் செல்கிறதா என்பது முதல் வினா. அது தூர்பியோனையும் கரூசலையும் பிரிக்கும். கூண்டு இரு முனையில் தாங்கப்பட்டதா, ஒரு முனையிலா என்பது இரண்டாம் வினா. அது ஹெல்விக்கின் கிளையைக் காட்டும். வேறு விதமாகவும் செய்திருக்கக்கூடிய சிறு உறுப்புகள் எவ்விதமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பது மூன்றாம் வினா. அதுவே பட்டறையைக் காட்டும். முகப்பிலுள்ள பெயரைப் படிப்பது இம்மூன்றுக்கும் பின்னரே வருதல் வேண்டும்.

இத்துணை அரும்பாடுபட்டுச் செய்த கூண்டு உண்மையிலே பயன் தந்ததா என நேயர்கள் கேட்கலாம். பயன் தந்தது; ஆனால் அதற்குரிய விலையையும் கேட்டது. செக்கனுக்கு ஐந்து முறை பாலன்ஸ் சக்கரம் அடிக்கும்போது, கூண்டு முழுவதும் ஐந்து முறை நின்று, ஐந்து முறை புறப்படவேண்டியிருந்தது. அதற்கு விசை மிகுதியாகச் செலவாகும். கூண்டு சற்றே பாரமாயினும், சற்றே சமன் தவறினும், நீக்க வந்த பிழையிலும் பெரிய பிழையை அது உண்டாக்கிவிடும். கைதேர்ந்த தொழிலாளர் சாதாரண மணிக்கூட்டையே பொறுமையோடு சீர்செய்து, தூர்பியோனுக்கு நிகரான பலனைப் பெற்றதும் உண்டு. கெட்டிக்காரன் கையிலே தூர்பியோன் நற்பரிசு பெற்றது. மற்றவர் கையிலே அது விலையுயர்ந்த தொல்லையாயிற்று.

கைக்கடிகாரத்திலும் தூர்பியோனை அமைத்துப் போட்டிகளுக்கு அனுப்பியோர் உண்டு. 1947ஆம் ஆண்டு ஓமேகா நிறுவனம் வானோக்கு நிலையப் போட்டிகளுக்கென 12 தூர்பியோன் இயக்கப்பொறிகளைச் செய்தது. அவற்றிலே கூண்டு ஏழரை நிமிடத்துக்கு ஒரு முறை, அதாவது நாளொன்றுக்கு 192 முறை சுழன்றது. வேகமாகச் சுழல்வதால் ஆகும் விசைச் செலவைக் குறைக்கும் பொருட்டு மெதுவான சுழற்சியை நாடும் இவ்வெண்ணம், பிரெகேயின் நான்கு நிமிட, ஆறு நிமிடக் கூண்டுகளிலேயே முளைவிட்டிருந்தது.

ஆனால் கைக்கடிகாரம் நாள் முழுவதும் ஒரே நிலையில் நிற்பதன்று. கை அசையும்போதெல்லாம் அதன் நிலையும் மாறுகிறது. கூண்டு செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியை மனிதனின் கையே செய்துவிடுகிறது. 1969ஆம் ஆண்டு இறுதியிலே குவாற்சுப் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரம் யப்பானிலே விற்பனைக்கு வந்தபின், நேரத்தின் நுட்பத்துக்காகத் தூர்பியோனை நாடவேண்டிய தேவை முற்றாக நீங்கிற்று. நோய் தீர்ந்தது, மருந்தோ மறையவில்லை. 1986இலே ஓடமார் பிகே நிறுவனம், தானே முறுக்கிக்கொள்ளும் மெல்லிய கைக்கடிகாரத்திலே தூர்பியோனை அமைத்தது. பிரெகேயின் காலத்திலே பின்மூடிக்குள் மறைந்திருந்த கூண்டு, முகப்பிலே திறந்த சாளரத்தினூடாக எல்லோரும் காணும் காட்சியாகிவிட்டது. அதன்பின் பல நிறுவனங்கள் அவ்வழியைப் பின்பற்றின. இன்று தூர்பியோன் வாங்குவோர் வாங்குவது நேரத்தையன்று, கைத்திறனின் காட்சியை.

காட்சியாகிவிட்ட காலத்திலே குலமரபை அறிவது முன்னிலும் முக்கியமாகிறது. பழைய தூர்பியோன்கள் ஏலங்களிலே பெருந்தொகைக்கு விலைபோகின்றன. முகப்பிலுள்ள பெயருக்கே அத்தொகையின் பெரும்பகுதி கொடுக்கப்படுகிறது. சோகோ சதுக்கத்திலே ஒற்றைக் கண்ணாடியைக் கண்ணிற் பொருத்தி, மயிரிழையினும் மெல்லிய அச்சைக் கடைந்தவர்களுட் பலருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே கையொப்பம் கூண்டின் கைகளில் அமைந்த வளைவு. அதைப் படிக்கக் கற்றவர்களாலேயே அவர்களுக்குரிய மதிப்பை மீட்டுக்கொடுக்க முடியும்.

வணிகத்துக்கு ஒரு பெயர் போதும். தொழிலுக்கு அது போதாது என்பதை அறிந்திருந்தவர் பிரெகே. தமது முதற் தூர்பியோனிலே தம் பெயரை மட்டும் பொறித்திருந்தால் எவரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார்கள். எண்ணமும் அவருடையது, உரிமையும் அவருடையது. எனினும் இறந்துபோன நண்பரின் பெயரையும் உடன் பொறித்தார். அவருக்குப்பின் வந்த நூறு ஆண்டிலே அவருடைய கூண்டைப் பலர் பின்பற்றினர். அவர் பொறித்த அவ்விரண்டாவது பெயரைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.